டியூபை எடுத்த பிறகு

கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. மறுநாள் காலையில் யூரின் டியூபை எடுத்தார்கள். மதியம் வரை ஒரு சொட்டு வரவில்லை. குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்தேன், வெந்நீர் ஊற்றிப் பார்த்தேன். அடிவயிறு கல்லாக இறுகியதுதான் மிச்சம். மறுபடி டியூப் போட்டதும் 700 மில்லி வந்தது. சிறுநீர்ப்பையே 400, 500 மில்லிதான் பிடிக்கும்.

மூன்று நாள் கழித்து எடுத்தபோது கொஞ்சம் போனது. ஆனால் போய்விட்டு வந்த கையோடு ஸ்கேன் செய்தால் உள்ளே 280 மில்லி தங்கியிருந்தது. "அடைப்பு இல்லைம்மா, பைக்குச் சுருங்கத் தெம்பில்லை" என்றார் டாக்டர். பெத்தனிகால் என்ற மாத்திரை, 25 மில்லிகிராம், மூன்று வேளை. எழுதும் முன் வீசிங் உண்டா, அல்சர் உண்டா, வலிப்பு வந்ததுண்டா, தைராய்டு அதிகமா என்று துருவித் துருவிக் கேட்டார். பையைச் சுருங்கச் சொல்ல உடம்பில் தானாகச் சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற பொருளின் வேலையை இந்த மாத்திரை செய்கிறதாம். அந்த வேலை பையோடு நிற்காது என்பது போட்ட பிறகுதான் புரிந்தது.

மாத்திரைக் கவரில் 1-1-1 என்று மட்டும் எழுதித் தந்திருந்தார்கள். சாப்பிட்டுவிட்டுத்தானே போட வேண்டும் என்று இரண்டு இட்லி தின்றுவிட்டுப் போட்டேன். அரை மணி நேரத்தில் வாயெல்லாம் எச்சில், முகத்தில் சூடு, முதுகில் வியர்வை. வயிற்றைப் பிசைந்து இட்லி வெளியே வந்துவிட்டது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ, இரண்டு மணி நேரம் கழித்தோ வெறும் வயிற்றில் போட வேண்டிய மாத்திரை என்று போன் செய்து கேட்டபோதுதான் சொன்னார்கள். அதையும் கவரில் எழுதியிருக்கலாம்.

அப்புறம் காலை 6, மதியம் 12, இரவு 7 என்று அலாரம் வைத்தேன். குமட்டல் நின்றது, வியர்வை மட்டும் போகவில்லை. சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், சுவரைப் பிடித்துக்கொள்வேன். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போவேன். முடிந்த பிறகும் எழாமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, முன்னால் குனிந்து இன்னொரு முறை முயல்வேன். அளவுக் கோடு போட்ட மக்கில் பிடித்து, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்தேன்: 120, 150, 90, 200. மாமியார் பால் கணக்கு என்று நினைத்துக்கொண்டார், நானும் திருத்தவில்லை.

இரண்டு வாரத்தில் மிச்சம் 40 மில்லிக்கு வந்தது, மாத்திரையை நிறுத்தினார்கள். "மாத்திரையாலா சரியானது?" என்று கேட்டேன். "பாதிப் பேருக்கு நாள் போனாலே சரியாகிவிடும், உங்களுக்கு எதுவென்று சொல்ல முடியாது" என்று சிரித்தார் டாக்டர்.