ஒரு சதவீதமா, மூன்று சதவீதமா

"சாயத்தைத் தொட வேண்டாம் சார், டைட்டானியா கலந்து பார்ப்போம்." ஆக்சிஜனை ஒளியால் அளக்கும் படலம் செய்துகொண்டிருந்தபோது கூட வேலை செய்தவர் சொன்ன இந்த வரி இன்னும் மனதில் உறுத்துகிறது. படலத்தில் உள்ள சாயம் ஒளிரும்; ஆக்சிஜன் கூடக்கூட அந்த ஒளி மங்கும். டைட்டானியா என்பது வெள்ளை டைட்டானியம் டையாக்சைடு தூள். கேட்கவில்லை. சிக்னல் பலவீனமாக இருக்கிறது என்று சாயத்தை 1 சதவீதத்திலிருந்து 3 ஆக்கினோம்.

கலவை வழக்கமானதுதான். கரைப்பானாக 10 மில்லி டொலுயீன், அதில் 1 கிராம் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக், அதன் எடையில் 1 சதவீதமாக 10 மில்லிகிராம் பிளாட்டினம் போர்ஃபிரின் சாயம். கரைசலைப் பாலியெஸ்டர் தாளில் ஊற்றி, தாளின் மேல் 100 மைக்ரான் இடைவெளி விட்டுப் பூச்சுக் கத்தியை இழுத்தால், காய்ந்தபின் சுமார் 10 மைக்ரான் படலம் தங்கும். இவ்வளவு மெல்லிய படலத்தில் பச்சை எல்இடியின் ஒளியில் பெரும்பகுதி உறிஞ்சப்படாமல் ஊடுருவிப் போய்விடும். டைட்டானியா துகள் அதைச் சிதறடித்துத் திரும்பவும் சாயத்தின் வழியே அனுப்பும். சாயம் உமிழும் சிவப்பொளியையும் அதைக் கருவிக்கு எடுத்துச் செல்லும் ஒளியிழையின் (ஃபைபர்) பக்கமே திருப்பிவிடும். சாயத்தின் அளவு மாறாமலே வெளிச்சம் கூடும். அவர் சொன்னது அதைத்தான்.

ஆனால் டைட்டானியா அடியில் படியும். விடாமல் கலக்காவிட்டால் முதலில் இழுத்த தாள் ஒரு மாதிரி, கடைசித் தாள் வேறு மாதிரி. அந்தப் பயம் நியாயமானது என்றுதான் இன்றும் தோன்றுகிறது.

சாயம் 30 மில்லிகிராம் ஆனதும், இரண்டு மடங்காவது வரும் என்று கணக்குப் போட்டிருந்த வெளிச்சம் வரவில்லை. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நெருக்கமாகத் திரண்ட சாய மூலக்கூறுகள் தங்கள் ஒளியைத் தாங்களே அணைத்துக்கொள்ளும். ஆக்சிஜன் கூடும்போது ஒளி எவ்வளவு மங்குகிறது என்று காட்டும், நேராக இருக்க வேண்டிய ஸ்டெர்ன்–வோல்மர் கோடும் ஆக்சிஜன் அதிகமான பக்கம் கீழ்நோக்கி வளைந்தது.

பிழை சாயத்துடையது என்று அத்துடன் முடித்துவிடலாம். ஆனால் சில வாரங்களில் காற்றில் வைத்த அளவீடு நகர்ந்தது. கருவி ஆக்சிஜனைக் குறைத்துக் காட்டத் தொடங்கியது. ஆக்சிஜனை முழுதும் நீக்கிவிடும் சோடியம் சல்ஃபைட் கரைசலில் எடுத்த பூஜ்ஜியப் புள்ளி மட்டும் அசையவில்லை. இது எஞ்சிய டொலுயீனின் வேலை போலத் தெரிகிறது. டொலுயீன் மிச்சமிருக்கும்வரை பாலிஸ்டைரீன் இளகியிருக்கும், ஆக்சிஜன் எளிதாக உள்ளே புகும். டொலுயீன் மெல்ல வெளியேற, படலம் இறுகி உணர்திறன் குறையும். அந்த முறை அவசரத்தில் வெற்றிட அடுப்பைத் தவிர்த்து, தாள்களை மேசையிலேயே ஓர் இரவு உலர விட்டிருந்தோம்.

சாய அளவு, உலர்த்தும் முறை இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டோம். 1 சதவீதச் சாயத்தில் ஒரு தாளை இழுத்து, அதையும் அதே மேசையில் உலர்த்தியிருந்தால் தெரிந்திருக்கும். பழைய கரைசல் பாதிப் புட்டி மீதம் இருந்தது.