களிமண்ணில் கரண்ட் விட்ட புராஜெக்ட்

எம்.எஸ்சி. கடைசி செமஸ்டரில், மாசுபட்ட மண்ணை மின்சாரம் பாய்ச்சிச் சுத்தம் செய்யும் முறையைப் புராஜெக்டாக எடுத்தேன். அடுத்து இதைத் தொடப்போகிறவர்கள் நான் இழந்த இரண்டு மாதத்தை இழக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஏன் இந்தத் தலைப்பு என்று வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், முதலில் கேட்பார்கள். டெல்டாக்காரர்களுக்குப் பதில் வயலிலேயே இருக்கிறது. திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துக் களிமண்ணில் சேடை ஓட்டி (சேறாக உழுது) தண்ணீர் கட்டினால் லேசில் இறங்காது. நெல்லுக்கு அது வரம். ஆனால் அதே மண்ணில் ஈயமோ செம்போ சேர்ந்துவிட்டால், தண்ணீர் விட்டு அலசி எடுக்க வழியில்லை. மின்சாரம் கொடுத்தால் கதை வேறு. நேர்மின்னூட்டம் கொண்ட உலோக அயனிகள் கேத்தோடை, அதாவது எதிர்மின்முனையை, நோக்கி நகரும். களிமண் துகள்களில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் மண்ணுக்குள் இருக்கும் நீரும் அதே பக்கம் நகரும். 1809-லேயே ராய்ஸ் என்பவர் இந்த நீர் நகர்வைக் களிமண்ணில் காட்டிவிட்டார்.

20 செ.மீ. நீள அக்ரிலிக் பெட்டி, செ.மீ.க்கு 1 வோல்ட், காப்பர் சல்பேட் கலந்த மண். சுலபம் என்று நினைத்தேன். ஆனோடுக்கு, அதாவது நேர்மின்முனைக்கு, இரும்புக் கம்பி வைத்தேன். அது கரைந்து மண்ணெல்லாம் துருவானது. கிராஃபைட் வாங்குங்கள். அப்புறம் வேதாரண்யம் பக்கத்து மண்ணைப் போட்டேன். கரண்ட் எகிறியது, லேப் முழுக்க பிளீச்சிங் பவுடர் நெடி. மண்ணில் இருந்த உப்பு ஆனோடில் குளோரினாகிக் கிளம்பியிருந்தது! கைடு திட்டியதை எழுத வேண்டாம். மண்ணின் மின்கடத்துதிறனை அளக்காமல் சுவிட்சைத் தொடாதீர்கள்.

உண்மையான தலைவலி பி.ஹெச்.தான், அதாவது அமில-கார அளவு. தண்ணீர் மின்னாற்பகுப்பு அடைவதால் ஆனோடு பக்கம் பி.ஹெச். 2 வரை இறங்கும், கேத்தோடு பக்கம் 12 வரை ஏறும். அமிலம் வேகமாக முன்னேறி, காரத்தை வழியில் சந்திக்கும். அந்த இடத்தில் செம்பு ஹைட்ராக்சைடாகப் படிந்து உட்கார்ந்துவிடும். பத்து நாள் கழித்து மண்ணை ஐந்து துண்டாக வெட்டிப் பார்த்தேன்: மொத்தச் செம்பில் பெரிதாக எதுவும் குறையவில்லை, ஆனோடிலிருந்து நாலாவது துண்டில் குவிந்து கிடந்தது. கேத்தோடு அறையில் அசிட்டிக் அமிலம் சேர்த்துக் காரத்தை அடக்கிய பிறகுதான் செம்பு வெளியே வந்தது. அதற்கும் முன்னால் மண்ணில் இரண்டு சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. உங்கள் அமிலத்தை முதலில் அதுதான் தின்னும்.

வைவாவில் நான் மாட்டிய கேள்வி: ஆறு இணைதிறன் குரோமியம் எந்தப் பக்கம் போகும்? உலோகம்தானே, கேத்தோடு என்றேன். தப்பு. அது குரோமேட்டாக, எதிர் அயனியாக இருக்கும், ஆனோடுக்குப் போகும். கச்சா எண்ணெய் கசிந்த மண்ணைப் பற்றியும் கேட்டார்கள். எண்ணெய்க்கு மின்னூட்டம் கிடையாது. ஹைட்ரஜன் பெராக்சைடும் இரும்பும் சேர்ந்த ஃபென்டன் வினையால் சிதைக்கலாம் என்று சொல்லித் தப்பித்தேன்.

‘இப்படிச் சுத்தம் செய்த மண்ணில் உடனே நாற்று நடலாமா?’ என்றால் முடியாது என்றே சொல்லுங்கள். ஒரு ஓரம் புளித்துக் கிடக்கும், சத்தும் போயிருக்கும்.

மண் எடுக்க மாசி, பங்குனியில் போங்கள். நான் ஐப்பசியில் போய், முழங்கால் சேற்றில் நின்று எடுத்த மூட்டையை மூன்று வாரம் காயவைத்தேன்.