பில் எண் 101

என் கணினியில் ‘தொழில் திட்டம் இறுதி 9’ என்று ஒரு எக்செல் கோப்பு இன்னும் கிடக்கிறது. அழிக்க மனம் வரவில்லை. சம்பளத்துக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த நான், சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் தொழிலைத் தனியாகத் தொடங்கலாம் என்று நினைத்தபோது உருவாக்கியது. இறுதி 1-க்கும் இறுதி 9-க்கும் நடுவே இரண்டு வருடம். அதற்குள் ஒரு வியாபாரியிடம்கூட நான் பேசியிருக்கவில்லை. லோகோவின் நீலம் மட்டும் நாலு முறை மாறியிருந்தது.

தயக்கம் தயக்கமாகவே வந்தால் அடையாளம் தெரிந்துவிடும். எனக்கு அது உழைப்பு வேஷத்தில் வந்தது. ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து ஐந்தாவது வருட வருமானத்தைக் கணக்குப் போடுகிறவனைச் சோம்பேறி என்று யார் சொல்வார்கள்?

உண்மையில் போட வேண்டிய கணக்கு மிகச் சின்னது. மாதாமாதம் தவிர்க்க முடியாத செலவு ஒரு பக்கம். ஒரு வாடிக்கையாளர் தரும் தொகையில், அவர் வேலைக்கென ஆகும் செலவு போகக் கையில் நிற்பது இன்னொரு பக்கம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால், எத்தனை பேர் வந்தால் நஷ்டமில்லை என்று தெரிந்துவிடும். எனக்கு 7 பேர். அப்புறம் சேமிப்பை வீட்டுச் செலவால் வகுத்தேன். 10 மாதம் தாங்கும். பிறருக்கு இதை எத்தனையோ தடவை போட்டுக் கொடுத்தவன்தான். எனக்கென்று போட மட்டும் கை வரவில்லை. விடை தெரிந்துவிட்டால் சாக்குச் சொல்ல முடியாதே.

அந்தச் சமயத்தில்தான் நிக் ஸ்வின்மர்ன் என்பவர் செய்ததைப் படித்தேன். 1999இல் இணையத்தில் காலணி வாங்க ஆள் வருமா என்று பார்க்க, அவர் சரக்கு எடுத்துக் குவிக்கவில்லை. கடையில் இருந்த காலணிகளைப் படம் எடுத்துத் தளத்தில் போட்டார். ஆர்டர் வந்ததும் அதே கடையில் வாங்கி அனுப்பினார். அதுதான் பின்னால் ஜாப்போஸ் என்ற இணையக் காலணிக் கடை ஆனது. 2009இல் அமேசான் வாங்கியது. (ஜெயித்தவர் கதை எல்லாமே பின்னாலிருந்து பார்த்தால் அழகுதான், அதை விடுங்கள்.) ‘யாராவது வாங்குவார்களா?’ என்ற ஒரே கேள்வியை அவர் தனியாகப் பிரித்து எடுத்த விதம்தான் எனக்குப் பிடித்தது.

நான் வேலையை விடவில்லை. பணி ஒப்பந்தத்தை எடுத்துப் படித்து, தடை எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, தெரிந்த வியாபாரி ஒருவரிடம் கேட்டேன். மறுநாளே ஒரு பிளாஸ்டிக் பை நிறைய ரசீதுகளைக் கொண்டுவந்து மேஜையில் கொட்டினார். பாதிக்கு மேல் வெளுத்துப்போயிருந்தன. சூட்டில் அச்சாகும் அந்த வழுவழுத் தாளில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். இறுதி 9 வரை எதிலும் இந்தப் பிரச்சினை இல்லை. ஒவ்வொரு ரசீதாக ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துத் தொகையைப் படித்தேன். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லும் வழக்கம் அப்படித்தான் வந்தது. இன்று என் சேவையில் ஆட்கள் அதிகம் பாராட்டுவது அதைத்தான்.

மாத முடிவில் பில் அடித்தேன். எண் 1 என்று போடக் கூச்சமாக இருந்தது. 101 என்று போட்டேன். அவர் அதையே உற்றுப் பார்த்தார்.

“பரவாயில்லையே சார், எனக்கு முன்னாடியே நூறு பேரா?”

“இல்லை சார். நீங்கதான் முதல் ஆள்.”

“அப்போ என் கணக்கை ஒழுங்காப் பார்ப்பீங்க” என்று சொல்லிப் பில்லை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.