ஒரு லீவர் ரைஃபிளை 200 கெஜத்துக்குப் பழக்கிய கதை

மான் வேட்டைக்குப் போகலாம் என்று முடிவெடுத்தபோது, கூட வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: போல்ட் ஆக்‌ஷன் (பக்கத்துக் கைப்பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளும் ரைஃபிள்) வாங்கு, விலை குறைவு, தொல்லை இல்லை. நான் கேட்கவில்லை, எனக்கு லீவர் ரைஃபிள்தான் வேண்டும். விசையைச் சுற்றியிருக்கும் வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால், சுட்ட கூடு வெளியே பறந்து அடுத்த தோட்டா உள்ளே போய் உட்காரும். அந்த 'சளக் சளக்' சத்தத்துக்கு நான் விழுந்து பல வருடமாகிறது.

ஆனால் பழைய பாணி லீவரில் ஒரு சிக்கல். தோட்டாக்கள் குழலுக்குக் கீழே உள்ள இன்னொரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் இருக்கும் தோட்டாவின் மூக்கு முன்னால் இருப்பதன் அடியில், சரியாக வெடிப்பொட்டின் மேல் முட்டும். மூக்கு கூராக இருந்தால் சுடும்போது வரும் உதையில் அது வெடித்துவிடலாம். அதனால் மொட்டை மூக்குத் தோட்டாதான் வழக்கம். மொட்டை மூக்கு காற்றில் சீக்கிரம் சோர்ந்துபோகும். 2016-இல் வந்த ஹென்றி லாங் ரேஞ்சர் இதை வேறு விதமாகத் தீர்க்கிறது. தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் பெட்டி மேகசின், பற்சக்கரத்தில் ஓடும் லீவர், ஆறு பற்களோடு சுழன்று பூட்டிக்கொள்ளும் போல்ட். கூர்மூக்கு .308 (தோட்டாவின் அளவுப் பெயர்) தோட்டாவைத் தயங்காமல் போடலாம். நான் வாங்கியது அதுதான்: 20 அங்குலக் குழல், ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) இல்லாமல் ஏழு பவுண்டு எடை, மேகசினில் நான்கு தோட்டா.

காகித வேலை பயந்த அளவுக்கு இல்லை. டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும். 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஆன்லைனிலேயே முடித்துவிடலாம், ஒரு வார இறுதி போதும். கடையில் நிரப்பும் படிவத்தின் எண் 4473. கிரீன் கார்டு இருந்ததால் அதிலுள்ள எண்ணைக் கேட்டார்கள். எச்1பி நண்பர்கள் கேட்பதால் சொல்கிறேன்: குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கப் பொதுவாகத் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. உங்கள் நிலைமையை ஒரு வக்கீலிடம் காட்டிக்கொள்ளுங்கள். எனக்கு எஃப்.பி.ஐ. பின்னணிச் சரிபார்ப்பு உடனே முடியாமல் 'தாமதம்' என்று வந்தது. அப்பா பெயரைக் குடும்பப் பெயராகச் சுமக்கும் நமக்கு இந்த மாதிரிக் காத்திருப்பு புதிதா என்ன? இரண்டு நாளில் சரியாகிவிட்டது.

உண்மையான பாடு அதற்குப் பிறகுதான்.

முதல் நாள் 25 கெஜத்தில் இலக்கை வைத்துச் சுட்டேன். இரண்டு அங்குலம் கீழே, ஓர் அங்குலம் வலது பக்கம். ஸ்கோப்பின் குறியை நகர்த்தும் திருகில் ஒரு கிளிக் கால் அங்குலம் என்று எழுதியிருந்ததே என்று மேலே எட்டுக் கிளிக் திருப்பினேன். மறுபடி சுட்டால் நகர்ந்த மாதிரியே தெரியவில்லை. ஸ்கோப் கெட்டுவிட்டது என்று கடைக்காரரைத் திட்டும் வரைக்கும் மனசு போய்விட்டது. அந்தக் கால் அங்குலம் 100 கெஜத்துக்கான கணக்கு. 25 கெஜத்தில் அதில் கால்வாசிதான், அதாவது காலில் கால், நம் பழைய வாய்ப்பாட்டில் வீசம். இரண்டு அங்குலத்துக்கு எட்டு இல்லை, 32 கிளிக். பள்ளியில் வீசத்தை எதற்கு மனப்பாடம் செய்தேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

100 கெஜத்துக்கு மாறியதும் அடுத்த கூத்து. ஐந்து தோட்டா, ஐந்து திசை. மூச்சு, விசை, தோள் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு ஒரு பெட்டித் தோட்டாவைத் தீர்த்த பிறகு, பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து ஸ்கோப்பைக் கையால் பிடித்து ஆட்டிக் காட்டினார். ஆடியது. அடித்தட்டுத் திருகுகளை வீட்டில் கைத்தோராயமாக முடுக்கியது நான்தான். அளவு காட்டும் முடுக்கி ஒன்றை வாங்கி எல்லாவற்றையும் கழற்றி மாட்டினேன். அடுத்த முறை மூன்று தோட்டாவும் ஒன்றரை அங்குலத்துக்குள் விழுந்தன. 100-இல் இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக மேலே படும்படி வைத்தால் 200-இல் நேராகப் படும். 300-இல் எட்டு ஒன்பது அங்குலம் தாழ்ந்துவிடும்.

லீவருக்கே உரிய இரண்டு தொல்லைகளை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மணல்மூட்டையில் சாய்த்துச் சுட்டால் லீவரைக் கீழே தள்ள இடமில்லை. ஒவ்வொரு முறையும் துப்பாக்கியைத் தூக்கி, தள்ளி, மறுபடி குறிவைக்க வேண்டும். அதோடு, மெதுவாக, மரியாதையாகத் தள்ளினால் வேலைக்காகாது. பாதியில் நிறுத்தினால் அடுத்த தோட்டா ஏறாமல் காலி அறையோடு பூட்டிக்கொள்ளும். கோபமாக இருப்பது போலத் தள்ள வேண்டும். பின்னால் தெரியும் சுத்தியல் (சுடுமுன் கட்டைவிரலால் பின்னுக்கு இழுப்பது) ஸ்கோப்புக்கு அடியில் மறைந்துவிடுவதால், பக்கவாட்டில் நீளும் சின்னக் கட்டை ஒன்றையும் மாட்டினேன்.

மேசையில் நன்றாகச் சுட்டதால் நானும் 300 கெஜத்துக்காரன் என்று நினைத்துக்கொண்டேன். வேட்டைக்கு அழைத்திருந்த பெரியவர் (சக ஊழியரின் அப்பா) சிரித்துவிட்டு, காகிதச் சாப்பாட்டுத் தட்டுகளை நட்டுவைத்தார். மானின் உயிர்நிலை ஏறக்குறைய அந்த அகலம்தான். உட்கார்ந்து, இரண்டு குச்சிகளின் மேல் குழலைத் தாங்கிச் சுடச் சொன்னார். 200 கெஜத்தில் ஐந்துக்கு ஐந்து. 300-இல் ஐந்துக்கு இரண்டு. "துப்பாக்கி போகும், நீ போகமாட்டாய்" என்றார்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை. சான் அன்டோனியோவிலிருந்து தெற்கே ஒன்றரை மணி நேரம், கொட்டுல்லா பக்கம். சுற்றிலும் மெஸ்கீட் புதர். நம் ராமநாதபுரத்துச் சீமைக் கருவேலத்தின் பங்காளி அது, முள் குத்தினால் வலியும் அதே வலிதான். அந்தப் புதரை நேர்கோடாக வெட்டிவிட்ட பாதைகளைச் சென்டெரோ என்கிறார்கள். அதன் ஒரு கோடியில் மேடைப் பெட்டிக்குள் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

ஏழரை மணிக்குப் பெட்டை மான் ஒன்று பாதைக்கு வந்தது. தூரமானி 264 என்றது. கட்டைவிரல் சுத்தியலின் மேல். பெரியவர் எதுவும் சொல்லவில்லை, எனக்கு மட்டும் அந்த மூன்று ஓட்டையில்லாத இடங்கள் தட்டில் தெரிந்துகொண்டே இருந்தன. விரலை எடுத்துவிட்டேன். மான் புதருக்குள் போனது. போச்சு என்றுதான் நினைத்தேன். இருபது நிமிடம் கழித்து அதுவோ வேறொன்றோ, இன்னும் கிட்டே வெளியே வந்து பக்கவாட்டில் நின்றது. 171. சுட்டேன். முப்பது கெஜம் ஓடி விழுந்தது. லீவரைக் கோபமாகத் தள்ளியதில் சுட்ட கூடு பெரியவரின் காபிக் கோப்பைக்குள் போய் விழுந்தது.

கீழே இறங்கி, உரிமத்தோடு வந்த, மானில் கட்டும் சீட்டில் மாதத்தையும் தேதியையும் கத்தியால் வெட்டிக்கொண்டிருந்தேன். பெரியவர் என் ரைஃபிளை வாங்கி, ஸ்கோப்பையும் மேகசினையும் புரட்டிப் பார்த்தார். அப்புறம் தன் தோளில் தொங்கிய பழைய மொட்டை மூக்கு .30-30 லீவரைத் தட்டினார்.

"171 தானே? இதுவே போதுமே" என்றார்.