பையை எக்ஸ்ரே கண்ணோடு அடுக்குங்க

செக்கிங் கடுமையாகும் நாட்களில் கோவை பீளமேடு விமான நிலையத்தில் எல்லோரும் க்யூவைத்தான் திட்டுவார்கள். க்யூ எப்படியும் நகர்ந்துவிடும். நேரத்தைத் தின்பது எக்ஸ்ரே பெல்ட்டில் இருந்து ஓரமாகத் தள்ளி வைக்கப்படும் பை. அது உங்கள் பையாக இருந்தால், முன்னால் இருக்கும் நான்கு பேரின் பையைத் திறந்து பார்த்த பிறகுதான் உங்கள் முறை.

அந்தத் திரையில் துணி, காகிதம், தின்பண்டம் எல்லாம் ஆரஞ்சு நிறம். இரும்பு, செம்பு நீலம். கதிர் ஊடுருவ முடியாத கனமான உலோகம் கறுப்பு. வெல்லக்கட்டி, அல்வா டப்பா, மஞ்சள் பொட்டலம் போன்றவை அடர்ந்த ஆரஞ்சுக் கட்டியாகத் தெரியும். வெடிமருந்தும் ஏறக்குறைய அதே நிறம்தான். அதன்மேல் சார்ஜர் ஒயரும் பவர் பேங்கும் கிடந்தால் யார் உட்கார்ந்திருந்தாலும் பையை நிறுத்தத்தான் செய்வார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? ஒயர், பேட்டரி, அடாப்டர் எல்லாம் ஒரு சிறு பையில் தனியாக, தட்டில் தனியாக. தின்பண்டம் செக்-இன் பெட்டியில்.

திருப்பூர்க்காரர்களின் பைக்குள் மாட்டுவது பெரும்பாலும் ஜிஎஸ்எம் கட்டர்தான். உள்ளங்கை அகல வட்டம், அடியில் நான்கு பிளேடு, 100 சதுர சென்டிமீட்டர் துணியை வட்டமாக வெட்டி எடுக்கும். திரையில் கறுப்பு வட்டும் அதன் ஓரத்தில் நான்கு கோடும் தெரியும். "துணி எடை பார்க்கிறது சார்" என்று விளக்குவதற்குள் போர்டிங் முடிந்துவிடும். விளக்கினாலும் பிளேடு பிளேடுதான். கட்டர், நூல் வெட்டும் டிரிம்மர், கத்தரிக்கோல் மூன்றும் செக்-இன் பெட்டிக்கு. டேப்பும், இழை எண்ணும் லென்ஸான பிக் கிளாஸும் கையில் இருந்தால் தொல்லையில்லை. கோவை மோட்டார் பம்ப்காரர்கள் இம்பெல்லர், ஷாஃப்ட் சாம்பிளை கைப்பையில் வைக்க வேண்டாம். ஓட்டிய பெட்ரோல் இன்ஜின் பாகத்தில் வாசனை வந்தால் செக்-இன்னிலும் எடுக்க மாட்டார்கள்.

காங்கேயம் பக்கத்துக்காரர்களுக்கு ஒன்று: கொப்பரை இரண்டு பையிலும் ஆகாது. எண்ணெய் ஊறிய பருப்பு தானே சூடேறித் தீப்பிடிக்கும் என்பதால் விமான விதியில் அது ஆபத்தான சரக்கு. சொந்தக்காரருக்குக் கொடுக்க ஆசையென்றால் தேங்காய் எண்ணெயை மூடி இறுக்கி, இரண்டு கவர் போட்டு, செக்-இன்னில் அனுப்புங்கள்.

பவர் பேங்க் இதற்கு நேர் எதிர்: கைப்பையில் மட்டும். செக்-இன் பெட்டியில் போட்டால் கீழே ஸ்கேனில் பிடிபட்டு, மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். போய்ப் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். அளவு 100 வாட்-மணிக்குள். அதன்மேல் அச்சிட்டிருக்கும் எம்ஏஎச் (mAh) எண்ணை 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் வரும். 20,000 என்றால் 74, கவலையில்லை. 30,000 என்றால் 111, விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். எழுத்து தேய்ந்துபோன பழைய பவர் பேங்க்கைப் பிடுங்கி வைத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான்: கணக்குப் போட அதில் எண் இல்லை. லைட்டரும் தீப்பெட்டியும் எதிலும் போகாது.

வெளிநாட்டு விமானத்தில் நெய், தேன், ஊறுகாய், தொக்கு எல்லாம் திரவக் கணக்கு. பாட்டிலின் கொள்ளளவு 100 மில்லிக்குள் இருக்க வேண்டும். 200 மில்லி பாட்டிலின் அடியில் கொஞ்சூண்டு நல்லெண்ணெய் இருந்தாலும் தொட்டிக்குத்தான்.

உடம்பிலும் பாருங்கள். வேட்டி மடிப்பில் சொருகிய சில்லறை, பெரிய பக்கிள் பெல்ட், செம்புக் காப்பு எல்லாம் முதலிலேயே தட்டுக்கு. வெள்ளி அருணாக்கொடியைக் கழற்ற முடியாது. கையில் பிடிக்கும் கருவி இடுப்பில் கத்தும்போது "அருணாக்கொடிங்க" என்று சொல்லித் தொட்டுக் காட்டினால் போதும். சட்டையைத் தூக்கிக் காட்டும் அவசரம் வேண்டாம்.

நுழைவாயிலில் தடுக்கி விழ வைப்பது இனிஷியல். டிக்கெட்டில் "கே" என்றும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகவும் இருந்தால் கூர்ந்து பார்க்கும் நாளில் கேள்வி வரும். எந்த அட்டையைக் காட்டப் போகிறீர்களோ அதைப் பார்த்தே டிக்கெட் போடுங்கள். முகத்தைக் காட்டி நுழைய உதவும் டிஜியாத்ரா செயலி வைத்திருந்தால் உள்நாட்டு விமானத்துக்கு வாசலில் நேரம் மிச்சம். உடல் சோதனையில் ஒரு நிமிடம்கூடக் குறையாது.

2025 மே மாதம் எல்லையில் சண்டை மூண்டபோது மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொன்னார்கள். செக்-இன்னை 75 நிமிடம் முன்பே மூடினார்கள். அதே கெடு வந்தால் காலை 6 மணி விமானத்துக்கு உங்கள் கடைசி நேரம் 4.45. ஈரோட்டில் இருந்து கிளம்புகிறவர் வண்டிக்காரரிடம் இந்த நேரத்தையே சொல்லுங்கள். ஆறு மணி என்றால் அவர் பெருந்துறையில் டீக்கு நிறுத்துவார். அந்தச் சண்டை நாட்களில் விமானம் ஏறும் படிக்கட்டுப் பக்கம் இன்னொரு சோதனையும் வைத்தார்கள். அதைச் செய்வது விமான நிறுவனத்தின் ஆட்கள். பையை மறுபடி திறந்து பார்ப்பார்கள். ஆகவே முதல் சோதனை முடிந்ததும் எல்லாவற்றையும் அள்ளித் திணிக்காமல், சிறு பையை மேலேயே வையுங்கள்.

திரும்பி வரும்போது சிங்கப்பூர் சாங்கியில் பல கேட்களில் சோதனை கேட் வாசலிலேயே நடக்கும். உள்ளே கடையில் வாங்கிய தண்ணீரை அங்கேயே குடித்துத் தீர்க்க வேண்டியதுதான். காலி பாட்டிலோடு நுழைந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.