அளக்காத வாசற்படி

கொழும்பு பம்பலப்பிட்டியில் எங்கள் ஆபீஸில் வெளிநாட்டுக் கட்டடங்களுக்கு அளவெடுத்துக் கொடுக்கிறோம். பிளான் அங்கிருந்து வரும், கொங்கிரீட் எத்தனை கியூப், இரும்பு எத்தனை டன் என்று கணக்கெடுத்து பி.ஓ.கியூ, அதாவது வேலை அளவுகளின் பட்டியல், தயாரித்து அனுப்புவது என் வேலை. போன வருடம் ஒரு உதைபந்தாட்ட மைதானம் வந்தது, கூடவே சுற்றியுள்ள தெருக்களைப் புதுப்பிக்கும் பிளானும்.

கேலரி, கூரை எல்லாம் சுலபமாகப் போனது. அப்புறம் இடிக்கவேண்டிய கட்டடங்களின் ஷீட்டைத் திறந்தேன். சிறு பட்டறைகள், கீழே கடை மேலே வீடு என்று ஒரு வரிசை. செங்கல் சுவர் இத்தனை சதுர மீட்டர், தகரக் கூரை இத்தனை, அவ்வளவுதான். கை நின்றுவிட்டது.

கொம்பனித்தெருவில் அம்மம்மாவின் வீட்டையும் இப்படித்தான் டேப் பிடித்து அளந்தார்கள். கதவில் சிவப்புப் பெயின்டில் நம்பர். பதிலுக்குத் தொடர்மாடியில் வீடு கிடைத்தது, பொய் சொல்லக்கூடாது, உள்ளேயே குழாய்த் தண்ணீரும் தனிக் கக்கூஸும் இருந்தன. ஆனால் அம்மம்மா வாசற்படியில் உட்கார்ந்து இடியப்பம் விற்றவர். விடிய ஐந்தரைக்கெல்லாம் நீத்துப்பெட்டி ஆவியோடு வாசலுக்கு வந்துவிடும், வேலைக்குப் போகிறவர்கள் நின்று வாங்கிப் போவார்கள். பதினோராம் மாடிக்கு யார் ஏறி வருவார்கள்? அந்தப் படியை யாருமே அளக்கவில்லை.

மற்ற மைதானங்களையும் நினைத்துப் பார்த்தேன். லிவர்பூலில் எவர்டன் உதைபந்தாட்டக் கழகம், 1848இல் திறக்கப்பட்ட பழைய கப்பல் துறையைக் கடல் மணலால் நிரப்பி, அதன்மேல் மைதானம் கட்டி, 2025இல் ஆடத் தொடங்கியது. குடியிருப்பு இல்லாத இடம். லண்டன் டொட்டன்ஹாம் கழகம் பழைய இடத்திலேயே 62,850 பேருக்கு மைதானம் கட்டி 2019இல் திறந்தது. அதற்கு முன்பு பக்கத்தில் ஒரு குடும்பத் தகரப் பட்டறை இடத்தைக் கொடுக்க மறுத்து நீதிமன்றம்வரை போய் 2015இல் தோற்றது. ஊரோடு ஒட்டிய கழகம் ஊரைவிட்டுப் போகாது, சரி, அப்படியென்றால் பக்கத்துக் கடைக்காரருக்கான செலவும் இரும்புக் கணக்கோடு முதல் நாளே வரவேண்டும்.

"சேர், பட்டறைகளுக்குக் கீழ்த்தளத்தில் இடம் தர ஒரு ஐட்டம் போடுவமா?" என்று என் மேலதிகாரியிடம் கேட்டேன்.

"அது நம்ம ஸ்கோப்பில இல்லை தம்பி. வேணுமெண்டா கேள்வியா எழுதி அனுப்பும்."

அனுப்பினேன். இரண்டு கிழமை கழித்து, அது வேறு ஒப்பந்தம் என்று ஒரே வரியில் பதில் வந்தது. இந்த மாதம் இன்னொரு பிளான் வந்திருக்கிறது, அதிலும் இடிக்கும் ஷீட் ஒன்று. கேள்விப் பட்டியலில் அதையே முதலாவதாக எழுதியிருக்கிறேன்.