ஒரு வசனத்தின் ஐந்து மாதம்

சேர் காலமான செய்தி வந்த நாளிலிருந்து, அவரிடம் ஆங்கிலம் படித்தவர்கள் தொலைபேசியில் பேசுவதெல்லாம் 1960களின் ஆங்கில இசைக்குழுவான பீட்டில்ஸ் பற்றித்தான். கல்லூரியில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் சேர் எடுத்ததும் அதுதான். இசைக் கலைஞரைப் பற்றி எழுதியதை எப்படி வாசிப்பது என்று நாங்கள் அங்கேதான் படித்தோம்.

முதலில் எங்கே அச்சானது, எப்போது கடைக்கு வந்தது, முன்னும் பின்னும் என்ன இருந்தது என்று கேட்பார். அதற்கு அவர் எடுத்த பாடம் பீட்டில்ஸ் பாடகர் ஜோன் லெனன் பற்றிய ஒரு கட்டுரை.

1966 மார்ச் 4 அன்று லண்டன் ஈவினிங் ஸ்டாண்டர்ட் பத்திரிகையில் மொரீன் கிளீவ் எழுதிய கட்டுரை அது. லெனனின் வெய்பிரிட்ஜ் வீடு, அங்கிருந்த கொரில்லா உடை, பெரிய சிலுவை, லெனன் வாசித்துக்கொண்டிருந்த சமய நூல்கள் என்று போகும். நடுவிலே ஓரிடத்தில், கிறிஸ்தவம் மங்கிப்போகும், இப்போது நாங்கள் இயேசுவைவிடப் பிரபலம் என்கிறார். இங்கிலாந்தில் எவரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அமெரிக்காவில் டேட்புக் என்ற இளைஞர் இதழ் அதை மறுபதிப்புச் செய்தது. ரொக் அண்ட் ரோல், கிறிஸ்தவம் இரண்டில் எது முதலில் போகும் என்று தெரியாது என்று லெனன் சொன்ன வரி அட்டைக்கே வந்துவிட்டது. வீடும் புத்தகங்களும் பின்னால் போயின. இதழில் போட்டிருந்த மாதம் செப்டெம்பர். விற்பனைக்கு வந்ததோ ஜூலை இறுதியில். இதைக் கவனிக்காதவருக்கு, இதழ் வருமுன்பே அந்த வசனத்துக்காகப் பீட்டில்ஸ் இசைத்தட்டுகளை எரித்தார்கள் என்று கணக்குப் பிழைக்கும். அலபாமாவின் பேர்மிங்ஹாம் வானொலி அறிவிப்பாளர்கள் பீட்டில்ஸ் பாடல்களுக்குத் தடையைத் தொடங்க, ஓகஸ்ட் 11 அன்று சிக்காகோவில் லெனன் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

ஓகஸ்ட் 29, சான் பிரான்சிஸ்கோ கான்டில்ஸ்டிக் பார்க்கில் அவர்களின் கடைசிச் சுற்றுப்பயணக் கச்சேரி. இந்தச் சர்ச்சைதான் மேடையை விடவைத்தது என்று எழுதுபவர்களைச் சேர் ஏற்கமாட்டார். அந்த மாதம் 5ஆம் திகதி வெளியான ரிவோல்வர் இசைத்தட்டிலிருந்து ஒரு பாட்டைக்கூட அந்தப் பயணத்தில் அவர்கள் பாடவில்லை. ஒலிப்பதிவுக்கூடத்தில் செய்ததை மேடையில் செய்ய முடியாத நிலை ஏற்கெனவே வந்துவிட்டது. ரசிகர்களின் கூச்சலில் தங்கள் வாத்தியமே தங்களுக்குக் கேட்கவில்லை. அவர் சொன்னதுதான் சரி என்று இன்றும் நம்புகிறேன்.

இசைத்தட்டு விற்பனைப் பட்டியல்களையும், எப்படித் திரட்டினார்கள் என்று கேட்டு, அப்படித்தான் பார்ப்பார். 1952 நவம்பர் 14 அன்று நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் என்ற பிரித்தானிய இசை வார இதழ் வெளியிட்ட முதற்பட்டியல், அந்த இதழின் பேர்சி டிக்கின்ஸ் ஏறக்குறைய 20 கடைகளுக்குத் தொலைபேசியில் பேசித் திரட்டியது. இடங்கள் 12தான்; சில இடங்களை ஒன்றுக்கு மேற்பட்டவை பகிர்ந்துகொண்டதால் இசைத்தட்டுகள் 15.

சேரிடம் இருந்தது கிளீவ் கட்டுரையின் தட்டச்சுப் பிரதி மட்டுமே. நாங்கள் லண்டனிலேயே குடியேறிவிட்டோம். செயின்ட் பாங்க்ராஸில் பிரிட்டிஷ் நூலகத்தின் வாசகர் அட்டையும் இலவசம். இருந்தும் மூலப் பக்கம் அவர் உயிரோடு இருக்கும்போது அவருக்குப் போய்ச் சேரவில்லை. கல்லூரி நூலகத்துக்காவது எங்கள் பழைய மாணவர் சங்கம் ஒரு பிரதி அனுப்பட்டும்: முழுப் பக்கமாக, திகதி தெரியும்படி, பக்கத்துச் செய்திகளை வெட்டாமல்.